பழைய ஜீப்பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்: கழற்றி, கிராஸ் மாற்றி, திரும்பப் பூட்டுவது வரை

முதல் கியர் போட்டு கிளட்சை விடும்போது வண்டிக்கு அடியில் "டங்" என்று ஒரு சத்தம். ரிவர்ஸ் போட்டால் மறுபடியும் "டங்". அப்புறம் சில வாரங்களில், தெருவுக்குள் மெதுவாக வரும்போது குருவி கத்துவதுபோல "கீச்... கீச்..." என்று தாளத்தோடு ஒரு சத்தம் சேர்ந்துகொள்ளும். பலர் பாட்டுச் சத்தத்தை ஏற்றி வைத்து இதைச் சமாளித்துவிடுவார்கள். என் வண்டியில் பாட்டுப் பெட்டி கிடையாது, அதனால் நான் கீழே படுக்க வேண்டியதாயிற்று.

என்னிடம் இருப்பது பழைய மஹிந்திரா சிஜே 500 டி. வில்லிஸ் ஜீப்பின் நேர் வாரிசு. வாங்கிய இரண்டு வருடத்துக்குள், இன்ஜின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பின் ஷாஃப்ட்டுக்கு, அதன் முனையில் வளைந்து கொடுக்கும் இணைப்பான கிராஸை மூன்று முறை மாற்றினேன். நான்காவதாகப் போட்டது இன்றுவரை ஓடுகிறது. நான்காவது ஒன்றும் உசத்தியான சரக்கு இல்லை. முதல் மூன்றும் ஏன் போயின என்று அந்த முறைதான் உட்கார்ந்து பார்த்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். இங்கே எழுதுவதெல்லாம் அந்த மூன்று தோல்விகளில் கற்றது. மேஜர், கமாண்டர், எம்எம் 540 வைத்திருப்பவர்களுக்கும் அப்படியே பொருந்தும். மாருதி ஜிப்சிக்காரர்களுக்குச் சில இடங்களில் மாறும், அதை அங்கங்கே சொல்கிறேன்.

அடியில் என்ன இருக்கிறது

கியர்பாக்ஸை ஒட்டி டிரான்ஸ்ஃபர் கேஸ், சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அதிலிருந்து பின் ஆக்சிலில் உள்ள பல்சக்கரக் கூடான ஹவுசிங்குக்கு ஒரு ஷாஃப்ட், முன் ஹவுசிங்குக்கு ஒரு ஷாஃப்ட். ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாகத் தள்ளி உட்கார்ந்திருப்பதால் கியர்பாக்ஸிலிருந்து அதற்கு வர மூன்றாவதாக ஒரு குட்டி ஷாஃப்ட்டும் உண்டு. ஒவ்வொரு ஷாஃப்ட்டின் இரு முனையிலும் ஒரு கிராஸ். கூட்டல் குறி போன்ற இரும்புத் துண்டு, அதன் நான்கு கைகளிலும் தொப்பி மாதிரி நான்கு கப், ஒவ்வொரு கப்புக்குள்ளும் வரிசையாக மெல்லிய ஊசி பேரிங்குகள். கிராஸைப் பிடித்திருக்கும் கவட்டைக்கு யோக் என்று பெயர். இது போக, வண்டி குலுங்கும்போது ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் ஒரு பக்கம் பல் வெட்டிய சறுக்கு இணைப்பு இருக்கும். அதுதான் ஸ்ப்ளைன்.

கிராஸுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. ஒரு கோணத்தில் வளைந்து சுற்றும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இருக்காது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பின்தங்கும். 10 டிகிரி கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம்தான். 20 டிகிரியில் 6 சதவீதத்தைத் தொடும். 30 டிகிரியில் 13 முதல் 15 சதவீதம். பள்ளியில் ஸ்பிரிங் விதி படித்தோமே, அந்த ராபர்ட் ஹூக் 17-ஆம் நூற்றாண்டிலேயே இந்த இணைப்பை ஆராய்ந்தவர். அதனால் இதற்கு ஹூக் இணைப்பு என்றும் பெயர். ஒரு கிராஸ் செய்யும் கோணலை மறுமுனைக் கிராஸ் எதிர்ப்பக்கமாகச் செய்து நேராக்கிவிடும். இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும், இரண்டு யோக்கும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் தப்பினால் எத்தனை புதுக் கிராஸ் போட்டாலும் தின்றுவிடும். இதை நினைவில் வையுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

சத்தம் சொல்லும் சேதி

மெதுவாகப் போகும்போது மட்டும் கேட்கும் "கீச்" சத்தம், வேகம் கூடினால் மறைந்துவிடுகிறது என்றால், ஒரு கப்புக்குள் கிரீஸ் வற்றிவிட்டது. இந்தக் கட்டத்தில் சிலர் கிரீஸ் அடித்துச் சத்தத்தை அடக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். சத்தம் அடங்கும், தேய்ந்த ஊசி திரும்ப வளராது. கப்பின் விளிம்பில் செங்கல் பொடிபோலத் துரு தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், அந்தக் கிராஸ் முடிந்தது.

"டங்" சத்தம் அவ்வளவு நேர்மையானது இல்லை. தளர்ந்த கிராஸ் அடிக்கும், தேய்ந்த ஸ்ப்ளைன் அடிக்கும், கிராஸை யோக்கோடு பிடிக்கும் யூ போல்ட் லூஸானாலும் அடிக்கும், ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரவுன்-பினியன் பல்சக்கரங்களின் இடைவெளி கூடிப்போனாலும் அடிக்கும். படுத்துப் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

அதிர்வுக்கு ஒரு சின்னக் கணக்கு. வில்லிஸ் வழி ஜீப்புகளில் வழக்கமான கிரவுன் விகிதம் 5.38, அதாவது 43 பல்லுக்கு 8 பல். 6.00-16 டயரோடு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 450 சுற்று, ஷாஃப்ட் 2,400 சுற்றுக்கு மேல். சக்கரத்தின் கோளாறு நொடிக்கு ஏழெட்டு முறை வரும் ஆட்டம். ஸ்டீயரிங்கிலோ உடம்பிலோ தனித்தனியாக உணரலாம். ஷாஃப்ட்டின் கோளாறு நொடிக்கு 40 முறை, அது தரையிலும் சீட்டிலும் ரீங்காரமாகத்தான் தெரியும். வண்டியை நிறுத்தி வைத்து ஆக்சிலரேட்டரை அழுத்தினாலும் அதே அதிர்வு வந்தால் இன்ஜின் பக்கம் போங்கள். ஆளில்லாத சமதளச் சாலையில் அந்த வேகத்தில் நியூட்ரல் போட்டும் அதிர்வு நிற்கவில்லை என்றால் ஷாஃப்ட்டையும் சக்கரத்தையும் சந்தேகப்படலாம்.

இன்னொன்று. ஃபோர் வீல் போட்டு வளைவில் திரும்பும்போது மட்டும் முன்னால் "கடகட" என்றால் அது முன் சக்கரத்தை ஒட்டி ஹவுசிங்குக்குள் இருக்கும் இணைப்பின் வேலை. அது வேறு கதை, இங்கே எடுக்கவில்லை.

கீழே படுக்கும் முன்

இதை அவசரமாகப் படிக்க வேண்டாம். பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில், ஒரு சிறிய டிரம் இருக்கும். அதுதான் ஹேண்ட் பிரேக். அந்த பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதே ஷாஃப்ட் வழியாகத்தான். ஷாஃப்ட்டைக் கழற்றிய நொடியில், ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு இழுத்திருந்தாலும், கியரில் விட்டிருந்தாலும், பின் சக்கரம் இரண்டும் சுதந்திரம். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினாலும் இதே ஆபத்து உண்டு, ஏனென்றால் தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுற்றி மற்றதை ஓடவிட்டுவிடும்.

அதனால் சமதளம். நான்கு டயருக்கும் இரு பக்கமும் கட்டை. செங்கல் வேண்டாம், நொறுங்கும். பழைய ஜீப்பின் உயரத்துக்குப் பெரும்பாலும் ஜாக்கியே தேவைப்படாது, சக்கரம் தரையில் இருக்கும்போதே வேலை பார்க்கலாம். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஆக்சிலுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுங்கள், வெறும் ஜாக்கியை நம்பி உள்ளே போகாதீர்கள்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். ரிங் ஸ்பேனரும் பாக்ஸ் ஸ்பேனரும், சர்க்ளிப் பிளையர், நல்ல வைஸ், ஒரு கிலோ சுத்தி, கிரீஸ் கன், மண்ணெண்ணெய், பனியன் வேஸ்ட், எமரி பேப்பர், பழைய சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டிய பட்டை, அடையாளம் வைக்கப் பெயிண்ட். நான் வீட்டில் கேட்டு வாங்கிய நெயில் பாலிஷ்தான் பயன்படுத்துகிறேன். மண்ணெண்ணெயில் கழுவினாலும் சீக்கிரம் போகாது.

கையால் ஆட்டிப் பார்ப்பது

கழற்றுவதற்கு முன் ஒரு பரிசோதனை. கியரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் நியூட்ரலில். ஒரு கையால் யோக்கையும் மறு கையால் ஷாஃப்ட்டையும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள், பிறகு மேலும் கீழும் தள்ளுங்கள். கிராஸுக்கும் கப்புக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் துளிகூட இருக்கக் கூடாது. பிறகு ஸ்ப்ளைனைப் பிடித்து மேல்கீழாக ஆட்டுங்கள். இங்கே மிகச் சிறிய ஆட்டம் பழைய வண்டியில் இருக்கும். "தட் தட்" என்று கைக்கு அடித்தால் அது தேய்ந்துவிட்டது.

கடைசியாக ஹவுசிங் பக்கத்து யோக்கைப் பிடித்து மேலும் கீழும் தூக்குங்கள். முறுக்கும்போது கொஞ்சம் விளையாட்டு இருப்பது கிரவுன் பல்லின் இயல்பான இடைவெளி. ஆனால் மேல்கீழாக அசையவே கூடாது. அசைந்தால் பினியன் பேரிங் போய்விட்டது. அந்த நிலையில் புதுக் கிராஸ் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். என் முதல் கிராஸ் போனது இப்படித்தான். பினியனின் ஆயில் சீல் கசிவதைப் பார்த்தும், "பழைய வண்டி, கசியத்தான் செய்யும்" என்று விட்டுவிட்டேன்.

கழற்றுவது

அடிப்பக்கத்து மண்ணையும் சேற்றையும் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். யூ போல்ட் நட்டுகளுக்கு முந்தின இரவே டீசலோ துரு இளக்கும் ஸ்பிரேயோ அடித்து வையுங்கள். காலையில் அடையாளம் வைக்கும் வேலை: ஹவுசிங் யோக்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் ஒரே கோடு, டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கமும் அதேபோல, ஸ்ப்ளைனின் இரு பாதிக்கும் குறுக்கே ஒரு கோடு. மூன்று கோடு. இந்த மூன்றையும் போடாமல் ஒரு நட்டையும் தொட வேண்டாம்.

ஹவுசிங் பக்கத்து யூ போல்ட் நட்டுகளை முதலில் எடுங்கள். யூ போல்ட் வெளியே வந்ததும் இரண்டு கப்பும் அநாதையாக நிற்கும். ஷாஃப்ட்டை முன்னோக்கித் தள்ளினால் ஸ்ப்ளைன் சுருங்கி, கிராஸ் யோக்கிலிருந்து விலகும். கப் கழன்று விழுந்து ஊசிகள் மண்ணில் சிதறுவதற்கு முன் இரண்டு கப்பையும் சேர்த்து சைக்கிள் ட்யூபால் இறுக்கிச் சுற்றுங்கள். கிராஸ் நன்றாக இருந்து வேறு வேலைக்காகக் கழற்றுகிறீர்கள் என்றால் இந்த ஒரு சுற்றுதான் கிராஸைக் காப்பாற்றும். ஒரு முனை கழன்ற ஷாஃப்ட்டைத் தொங்க விடாதீர்கள். அதன் கனம் முழுக்க மறுமுனைக் கிராஸின் மேல் விழும். கயிற்றால் சேசிஸில் கட்டிவிட்டு மறுமுனையை எடுங்கள்.

சில வண்டிகளில் யூ போல்ட்டுக்குப் பதிலாக நான்கு போல்ட் ஃபிளாஞ்ச் இருக்கும், ஜிப்சியும் அந்த ஜாதி. போல்ட்டை எடுத்ததும் ஃபிளாஞ்ச் ஒட்டிக்கொண்டு வராது. நடுவில் உளி வைத்துப் பிளக்கத் தோன்றும். மரக்கட்டை வைத்துப் பக்கவாட்டில் தட்டினாலே போதும். ஷாஃப்ட்டின் குழாய்மேல் மட்டும் சுத்தி படவே கூடாது. பார்க்க முரட்டு இரும்பாக இருந்தாலும் உள்ளே வெறும் குழாய், ஒரு நெளிவு விழுந்தால் பேலன்ஸ் போச்சு.

கிராஸைப் பிரிப்பது

கப் வெளியே வராமல் பிடிக்கும் சர்க்ளிப் வளையங்களை எல்லாம் எடுங்கள். சில மாடல்களில் சர்க்ளிப் யோக்கின் வெளிப்பக்கம், சிலவற்றில் கப்பின் உட்பக்கக் காடியில். துரு பிடித்து வராவிட்டால், முதலில் கப்பின் தலையில் லேசாகத் தட்டுங்கள். கப் ஒரு நூல் உள்ளே போனால் சர்க்ளிப் மேலிருக்கும் அழுத்தம் விடும்.

பிறகு வைஸ். ஒரு பக்கம் கப்பைவிடச் சிறிய பாக்ஸ் ஸ்பேனர் குமிழ், எதிர்ப்பக்கம் கப் உள்ளே நுழையும் அளவு பெரிய குமிழ். வைஸை இறுக்கினால் சிறியது தள்ளும், எதிர் கப் பெரியதற்குள் வந்து உட்காரும். திருப்பிப் போட்டு மறுபக்கம். சாலையோரத்தில் யோக்கின் காதைச் சுத்தியால் அடித்து எடுப்பவர்கள் உண்டு. அனுபவசாலிகள் கையில் அது நடக்கும். நம் கையில் காது வளையும். கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டிச் சூடேற்றும் யோசனைக்கு மட்டும் யார் சொன்னாலும் இணங்காதீர்கள். யோக்கின் பதம் கெட்டுவிடும்.

வெளியே எடுத்த கிராஸைத் தூக்கி எறியும் முன் கழுவிப் பாருங்கள். அது ஒரு சாட்சி. கைகளில் வரிவரியாக நகக்குறி போலப் பள்ளம் இருந்தால், ஊசிகள் சுழலாமல் ஒரே இடத்தில் இடித்துக்கொண்டே இருந்திருக்கின்றன. கிரீஸ் போகவில்லை, அல்லது கோணம் பூஜ்ஜியத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஆமாம், கோணம் மிகக் குறைவாக இருந்தாலும் கெடுதல். ஊசி சுழல வேண்டுமானால் ஏறக்குறைய ஒரு டிகிரியாவது வளைவு வேண்டும். நான்கு கையில் ஒரு கை மட்டும் நீலம் பாரித்துக் காய்ந்திருந்தால் அந்தக் கப்புக்குப் போகும் கிரீஸ் வழி அடைத்திருக்கிறது. கிராஸ் முழுவதும் சேறும் துருவுமாக இருந்தால் சீல் கிழிந்து தண்ணீர் போயிருக்கிறது.

யோக்கின் துளையை எமரி பேப்பரால் சுத்தம் செய்து, புது கப்பை விரலால் தள்ளிப் பாருங்கள். விரல் அழுத்தத்துக்கே "சர்ர்" என்று உள்ளே போய்விட்டால் துளை தேய்ந்துவிட்டது. இங்கேதான் பட்டறைகளில் ஒரு குறுக்கு வழி: துளையின் உட்சுவரில் சென்டர் பஞ்ச்சால் நாலு குத்து. அந்தப் புள்ளிகள் மேடாகி கப்பைப் பிடித்துக்கொள்ளும், ஆயிரம் கிலோமீட்டருக்கு. என் இரண்டாவது கிராஸ் இப்படிப் போட்டது. புள்ளிகள் நசுங்கியதும் கப் துளைக்குள்ளேயே சுழல ஆரம்பித்து யோக்கையே தின்றுவிட்டது. யோக்கை மாற்றுவதுதான் சரி. பழைய ஜீப்புக்கு யோக் இன்றும் கிடைக்கிறது.

புதுக் கிராஸ்

இந்த வேலையில் அதிகம் கெடுவது இங்கேதான். சாலையில் தேய்ந்து போகும் கிராஸ்களைவிடப் பூட்டும்போதே செத்துப்போகும் கிராஸ்கள் அதிகம் என்பது என் கணிப்பு.

கடையில் வாங்கும்போது பழைய கிராஸைக் கையோடு கொண்டு போங்கள். கப்பின் விட்டம், எதிரெதிர் கப்புகளின் மொத்த நீளம் இரண்டையும் வெர்னியரால் ஒப்பிடுங்கள். கிராஸின் கை கண்ணாடிபோல் மழமழவென்று இருக்கிறதா, ரப்பர் சீல் கப்பின் வாயில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். கிரீஸ் அடிக்கும் சிறு முனையான நிப்பிள் உள்ள ரகம், இல்லாத ரகம் இரண்டும் கிடைக்கும். சேற்றிலும் ஓடையிலும் போகும் வண்டிக்கு நிப்பிள் உள்ளதையே வாங்குங்கள். கிரீஸ் கன்னைத் தொடும் பழக்கம் இல்லாதவர்கள் மட்டும் மற்றதை யோசிக்கலாம்.

நான்கு கப்பையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஊசிகள் எல்லாம் சுவரோடு நிற்கின்றனவா என்று பாருங்கள். உள்ளே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். கிரீஸ்தான் ஊசிகளைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்கும் பசை. அளவுக்கு மீறி அடைத்தால் கப் கடைசிவரை போகாமல் எதிர்க்கும்.

முதல் கப்பை யோக்கின் காதில் பாதியளவு தள்ளுங்கள். கிராஸை உள்ளே நுழைத்து அதன் கையை அந்தக் கப்புக்குள் செலுத்துங்கள். நிப்பிள் ஷாஃப்ட்டின் பக்கம் பார்த்திருக்கட்டும், வளையும்போது யோக்கில் இடிக்காது, கிரீஸ் கன்னின் வாயும் எட்டும். பிறகு எதிர்க் கப். வைஸில் இரண்டையும் சேர்த்து மெல்ல அழுத்தும்போது, கிராஸை மறு கையால் ஆட்டிக்கொண்டே இருங்கள். கிராஸின் கைகள் இரண்டு கப்புக்குள்ளும் நேராக இருந்தால் ஊசிகள் விழாது. ஆட்டுவது திடீரென்று கடினமானால் உடனே நிறுத்துங்கள். ஒரு ஊசி சரிந்து கப்பின் அடியில் குறுக்கே படுத்துவிட்டது. இதற்கு இன்னொரு அடையாளம், சர்க்ளிப் காடி முழுவதாகத் தெரியாது. "இன்னும் ஒரு அடி கொடுத்தால் போய்விடும்" என்று சுத்தியைத் தேடும் கணம் இது. அடித்தால் ஊசி உடையும், கப்பின் அடி விரியும். கழற்றி, ஊசியை நிறுத்தி, மறுபடி செய்யுங்கள். எனக்கு இன்றும் நாலு கப்பில் ஒன்று இப்படி ஆகிறது.

சர்க்ளிப்பைப் போட்டு அது காடிக்குள் முழுவதும் உட்கார்ந்ததா என்று ஸ்க்ரூ டிரைவரால் சுற்றிச் சுற்றித் தள்ளிப் பாருங்கள். பிறகு கிராஸை இரண்டு திசையிலும் ஆட்டுங்கள். இறுக்கமாக இருந்தால் யோக்கின் காதின் ஓரத்தில் சுத்தியால் ஓர் இதமான தட்டு. கப் சர்க்ளிப்பின் பக்கம் சற்று விலகி, இறுக்கம் விடும். ஒரே சீரான இறுக்கத்தோடு, எங்கும் தட்டாமல் அசைய வேண்டும். தானாகத் தொங்கி விழும் அளவு தளர்வும் கூடாது.

ஒரே தளம்

ஸ்ப்ளைனைப் பிரித்துக் கழுவியிருந்தால் சேர்க்கும்போது போட்ட கோடு நேருக்கு நேர் வர வேண்டும். கோடு அழிந்துவிட்டதா? பெரும்பாலான ஷாஃப்ட்டுகளில் இரு பாதியிலும் அம்புக்குறி வெட்டியிருப்பார்கள், கிரீஸைத் துடைத்தால் தெரியும். அதுவும் இல்லை என்றால் ஷாஃப்ட்டைச் சமமான தரையில் படுக்க வையுங்கள். ஒரு முனை யோக்கின் இரண்டு காதும் தரைக்குப் படுக்கையாக இருக்கும்போது மறுமுனைக் காதுகளும் அதேபோல் படுத்திருக்க வேண்டும். ஒரு சில வண்டிகளின் முன் ஷாஃப்ட்டில் கம்பெனியே வேண்டுமென்று தள்ளி வைத்திருப்பார்கள், அதனால்தான் கழற்றும் முன் கோடு போடச் சொன்னேன்.

என் மூன்றாவது கிராஸ் இதற்குப் பலி. கோடு போடவில்லை, கண்ணளவில் சரியாகத்தான் தெரிந்தது. ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருந்தது. 50 வேகத்தைத் தாண்டினால் தரை முழுவதும் தேன்கூடு போல ரீங்காரம். பேலன்ஸ் பிரச்சினை என்று லேத் பட்டறைக்குத் தூக்கிப் போனேன். பட்டறைக்காரர் ஷாஃப்ட்டை இறக்கி வைத்த அடுத்த நிமிடம், "சார், இதுக்கு மெஷின் எதுக்கு, ஒரு பல் திருப்பிப் போடுங்க" என்றார். காசு வாங்கவில்லை. அதற்குள் கிராஸ் ஆடத் தொடங்கியிருந்தது.

வண்டியில் ஏற்றுவது

கழற்றியதற்கு எதிர் வரிசை. யோக்கின் குழியில், கப் உட்காரும் இடத்தில், மண் துகள்கூட இருக்கக் கூடாது. கப்பின் இரு வெளி முனையும் யோக்கின் காதுகளுக்கு நடுவே சரியாக அடங்கியதா என்று பார்த்துவிட்டு யூ போல்ட்டை மாட்டுங்கள். யூ போல்ட்டும் நட்டும் புதிது போடுங்கள். பழையது நீண்டிருக்கும்.

இறுக்கும்போது உங்கள் பலத்தைக் காட்ட வேண்டாம். 5/16 அங்குல யூ போல்ட்டுக்கு, ஷாஃப்ட்டும் கிராஸும் செய்யும் ஸ்பைசர் கம்பெனி சொல்லும் இறுக்கம் 14 முதல் 17 அடி-பவுண்டு, அதாவது 19-23 நியூட்டன் மீட்டர்தான். கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், சக்கர நட்டு இறுக்குவதில் கால்வாசிகூட இல்லை. அதிகம் இறுக்கினால் கப் நசுங்கி முட்டை வடிவமாகும், ஊசி சிக்கும். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் ஒருமுறை மறுபடி பார்த்துவிடுங்கள்.

கோணம்

கிராஸ் ஏன் போனது என்ற கேள்விக்கு விடை பாதி நேரம் இங்கே இருக்கும். ஸ்பிரிங்கைத் தொங்கவிடும் ஷேக்கிளை நீட்டியோ பட்டை ஸ்பிரிங் சேர்த்தோ வண்டியைத் தூக்கியிருந்தால், ஜீப் குட்டையான வண்டி என்பதால் ஷாஃப்ட்டின் கோணம் சட்டென்று செங்குத்தாகிவிடும். வேகத்துக்கு ஏற்ப எவ்வளவு கோணம் தாங்கும் என்பதற்கு ஸ்பைசர் அட்டவணை உண்டு: 2,000 சுற்றுக்கு 8.7 டிகிரி, 2,500-க்கு 7, 3,000-க்கு 5.8. மேலே போட்ட கணக்கோடு சேர்த்துப் பாருங்கள், 60-க்கு மேல் ஓட்டும் ஜீப்புக்கு 7 டிகிரியே எல்லை.

அளக்க செல்போனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலி போதும். வண்டி தன் சக்கரத்தில், வழக்கமான பாரத்தோடு நிற்கட்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் யோக்கின் சமமுகம், ஷாஃப்ட்டின் குழாய், பினியன் யோக், மூன்றிலும் போனை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதலுக்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசம் மேல் கிராஸின் கோணம், இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ளது கீழ்க் கிராஸின் கோணம். இந்த இரண்டும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வடிவ இரும்புத் தகடு வைத்துப் பினியனைத் திருப்பலாம். அலுமினியத் தகடு வேண்டாம், நசுங்கி வெளியே வரும். அதற்கும் முன்னால் இன்ஜின், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர்களைப் பாருங்கள். அவை உட்கார்ந்துவிட்டால் கோணம் தானாக மாறும். ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் மவுண்டுதான் முதல் குற்றவாளி.

எல்லாம் சரியாக இருந்தும் அதிர்கிறதா? குழாய்மேல் காய்ந்த சேறு ஒட்டியிருக்கிறதா, பேலன்ஸ் எடைத் துண்டு பெயர்ந்த தழும்பு இருக்கிறதா பாருங்கள். பட்டறைக்குப் போகும் முன் ஒரு பழைய வித்தை: ஹோஸ் கிளிப் ஒன்றைக் குழாயில் இறுக்கி, அதன் திருகுத் தலை இருக்கும் பக்கத்தைக் கால் வட்டம் கால் வட்டமாக மாற்றி ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் அதிர்வு குறையும். அங்கேயே விட்டுவிடலாம். சக்கரத்தைத் தூக்கி, நின்ற இடத்தில் ஷாஃப்ட்டை ஓடவிட்டு இதைச் செய்யாதீர்கள்.

கிரீஸ்

லித்தியம் கிரீஸ், ஈபி (அதிக அழுத்தம் தாங்கும்) ரகம், 2-ஆம் எண். மூன்று கிராஸ் போனபின் எனக்கு வந்த வழக்கம் 2,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை. சக்கரம் மூழ்கத் தண்ணீரில் இறங்கினால் அன்று மாலையே. நிப்பிளைத் துடைத்துவிட்டுத்தான் கன்னை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்ணை உள்ளே அனுப்புவீர்கள். நான்கு சீலிலும் பழைய கறுப்பு கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் ஷாஃப்ட்டை அசைத்துக்கொண்டே அடியுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் அந்தக் கப் பட்டினி கிடக்கிறது, அடுத்து போகப்போவது அதுதான்.

ஸ்ப்ளைனுக்கு அளவோடு. நுனியில் உள்ள சிறு துளையில் கிரீஸ் தெரிந்ததும் துளையை விரலால் மூடி, மறுபக்கச் சீலில் எட்டிப் பார்க்கும்வரை அடித்தால் போதும். அடைத்து வைத்தால் ஷாஃப்ட் சுருங்க இடமில்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸின் பேரிங்கையே இடிக்கும்.

முன் ஷாஃப்ட்டை மறக்காதீர்கள். ஃபோர் வீல் போடாதபோதும், ஹப்பைத் தனியே விடுவிக்கும் வசதி இல்லாத வண்டியில், முன் சக்கரம் அதைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். வளைவில் முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் ஓடுவதால் முறுக்கு ஏறி, கிராஸ்தான் அதைத் தாங்கும். கொழுக்குமலைக்கு சூரியநெல்லியிலிருந்து ஏறும் பாதை போன்ற கல்லும் மண்ணும் உள்ள இடத்தில் சக்கரம் வழுக்கி முறுக்கை விட்டுவிடும், தாரில் விடாது.

வழியில் உடைந்தால்

மலைப்பாதையில் பின் ஷாஃப்ட்டின் கிராஸ் தெறித்தால் அப்படியே உருட்டிப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். முன் முனை கழன்று விழுந்து தரையில் குத்தினால் வண்டியையே தூக்கிவிடும். டயருக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பின் ஷாஃப்ட்டை முழுவதும் கழற்றி உள்ளே போடுங்கள். ஃபோர் வீல் போட்டால் முன் சக்கரங்களின் இழுப்பில் வண்டி நகரும். வில்லிஸ் வழி ஜீப்பில் இதனால் ஆயில் கொட்டாது. ஏற்றத்தில் மெதுவாக, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோவில் ஏறுங்கள். முன் ஷாஃப்ட்தான் உடைந்தது என்றால் இன்னும் சுலபம், அதைக் கழற்றிவிட்டு வழக்கம்போல் டூ வீலில் போகலாம். எப்படியானாலும் ஹேண்ட் பிரேக்கை நம்பி நிறுத்தாதீர்கள், கட்டை கொடுங்கள்.

என் சீட்டுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. ஒரு கிராஸ், நாலு சர்க்ளிப், இரண்டு யூ போல்ட், அதற்கான நட்டுகள், ஒரு ரிங் ஸ்பேனர், சைக்கிள் ட்யூப் பட்டை இரண்டு. நெயில் பாலிஷும் அதிலேயேதான் கிடக்கிறது, திருப்பிக் கொடுக்கவில்லை.